வாடகைக்கு வந்த மன்னர்

தேஜோன், ஏப்ரல் 7

மதிப்பிற்குரிய நடிகர் தாக் சங்-மூ அவர்களுக்கு,

உங்களுக்கு இப்போது மூட்டை மூட்டையாக ரசிகர் கடிதம் வருமாம். அந்த மூட்டையில்தான் இதுவும் வந்து விழும், ஆனால் இது ரசிகர் கடிதம் இல்லை. தயவுசெய்து தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

என் பெயர் யோம் தா-ஹே. பல் மருத்துவமனை ஒன்றில் உதவியாளர். இரண்டு வருடத்துக்கு முன், ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் கல்யாண மண்டபத்தில், ஒரு மத்தியானம் முழுக்க நீங்கள் எனக்கு அப்பாவாக இருந்தீர்கள். கல்யாணத்துக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி உங்களை அனுப்பியது. அம்மா இல்லை, அப்பாவும் இறந்துவிட்டார், பெண் வீட்டு நாற்காலி இரண்டும் காலியாக இருந்தால் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அசிங்கமாக இருக்கும் என்று அவர்களிடம் சொல்லியிருந்தேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னது வேறு கதை. அப்பா வியட்நாமில் தொழிற்சாலை மேலாளர், கல்யாணத்துக்கு வந்துவிட்டு அன்றே விமானம் ஏறிவிடுவார் என்று சொன்னேன். நீங்களும் அப்படியே ஏறிவிட்டீர்கள். அதற்குப் பிறகு வந்த புத்தாண்டுக்குக்கூட ஏஜென்சியில் சொல்லி ஒரு வீடியோ அழைப்புக்கு உங்களை வரவழைத்தேன். என் கணவர் உங்கள் முகத்துக்கு முன்னால் தரையில் விழுந்து கும்பிட்டார்.

அத்தோடு முடிந்தது என்றிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை என் மாமியார் சந்தையில் தன் கிம்ச்சி ஊறுகாய்க் கடையில் கீரை பிசைந்துகொண்டே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். 'இளவரசர் பேருந்தில் வருகிறார்' தொடர்தான். இந்தக் காலத்திலும் நமக்கு ஒரு மன்னர் இருந்தால், அவர் மகன் போயும் போயும் பேருந்து ஓட்டும் பெண்ணைக் காதலித்தால் என்று போகிற கதை. மன்னர் ராத்திரி உடையோடு அரண்மனைச் சமையற்கட்டில் பதுங்கி, சட்டி மூடியில் நூடுல்ஸைப் போட்டு ஊதி ஊதித் தின்றார். மாமியார் கையிலிருந்த கீரை அப்படியே நின்றது.

"அடியே, அது உங்கப்பா இல்ல?"

தொலைக்காட்சியை அணைக்க எழுந்தேன். அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். "நடிகர்னு சொன்னா நாங்க இளக்காரமா நெனப்போம்னு மறைச்சியாக்கும்! பேரு வேறயா போடறாங்களே, அது சினிமாக்காரங்க வச்சிக்கிற பேரு, எனக்குத் தெரியாதா? வியட்நாமாம் வியட்நாம். கள்ளி!"

திட்டவில்லை ஐயா. கட்டிப்பிடித்துக்கொண்டார். மறுநாள் பொழுது சாய்வதற்குள், முள்ளங்கி விற்கிறவளிலிருந்து மீன் கேக் பொரிக்கிறவர் வரை, சந்தை முழுக்கத் தன் சம்பந்தி மன்னர் என்று சொல்லிவிட்டார். மே 24 என் மகனுக்கு முதல் பிறந்தநாள். மன்னர் தாத்தா வந்தே ஆக வேண்டுமாம்.

நான் என்ன செய்ய? ஒரு வழி சொல்லுங்கள். கைப்பேசியில் செய்தி அனுப்பினால் யாராவது படம் பிடித்துப் பரப்பிவிடுவார்கள் என்று பயந்துதான் காகிதத்தில் எழுதுகிறேன்.

யோம் தா-ஹே

—

சியோல், ஏப்ரல் 15

அன்புள்ள ரசிகைக்கு,

எங்கள் தொடர் மீது தாங்கள் வைத்திருக்கும் பேரன்புக்கு நன்றி. தங்கள் கடிதத்தில் குறிப்பிட்டுள்ள நபர் நான் அல்ல. உலகில் ஒருவரைப் போல ஏழு பேர் இருப்பதாகப் பெரியோர் சொல்வார்கள். தங்கள் குடும்பத்தின் நலனுக்கு வாழ்த்துகிறேன். கையொப்பமிட்ட புகைப்படம் ஒன்று இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

தாக் சங்-மூ
(மன்னர்)

—

தேஜோன், ஏப்ரல் 18

மன்னர் பெருமானுக்கு,

உங்கள் புகைப்படம் கிடைத்தது. மாமியார் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில், உப்பு மூட்டைக்கு மேலே மாட்டிவிட்டார். போகிற வருகிறவர்களெல்லாம் பார்க்கிறார்கள். சந்தோஷம்தானே?

ஏழு பேர் இருப்பார்களாம். அந்த ஏழு பேருக்குமா புருவத்துக்கு மேல் அரிசி அளவு தழும்பு இருக்கும்? ஏழு பேருமா கல்யாணத்தன்று என் புருஷன் விழுந்து கும்பிட்டபோது தேம்பித் தேம்பி அழுதார்கள்? அழுகைக்குத் தனிக் கூலி என்று ஏஜென்சியில் முன்பே சொல்லியிருந்தார்கள், நான் வேண்டாம் என்றிருந்தேன். நீங்கள் இலவசமாக அழுதீர்கள். மண்டபமே கண்ணைத் துடைத்துக்கொண்டது.

இன்னொன்றும் கேட்கிறேன். மண்டப வாசலில், கதவு திறப்பதற்கு முன்னால், என் காதில் "மெதுவாம்மா, வேகமா நடக்காதே" என்றீர்களே, நினைவிருக்கிறதா? நான் வேகமாக நடப்பவள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லவில்லை. நல்ல நடிகருக்கு ஆளைப் பார்த்ததும் தெரிந்துவிடும் போல என்று நினைத்துக்கொண்டேன். பொய்க் கல்யாண அப்பாதான், ஆனாலும் அந்த ஒரு வார்த்தையை மட்டும் நான் நிஜமாக வைத்துக்கொண்டிருந்தேன். என் மகன் நடக்கப் பழகும்போது அதையே அவனிடம் சொல்ல வேண்டும் என்றுகூட இருந்தேன். நீங்கள் அது நானில்லை என்று எழுதிவிட்டீர்கள்.

உங்களைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். பயப்படாமல் நூடுல்ஸ் தின்னுங்கள்.

தா-ஹே

—

சியோல், ஏப்ரல் 24

தா-ஹே,

அந்தக் கடிதம் எழுதிய கையை வெட்டிப் போட வேண்டும்.

ரசிகர் கடிதங்களைக் கம்பெனிப் பையன் ஒருவன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் என்னிடம் தருகிறான். உன்னுடையதையும் படித்துவிட்டு, "என்ன சார் இது?" என்று என் முகத்தைப் பார்த்தான். "பைத்தியம் போல" என்றேன். உன்னைத்தான் சொன்னேன். அவன் பார்க்கப் பார்க்கவே அந்தப் பதிலையும் எழுதினேன். இனிமேல் கீழே உள்ள விலாசத்துக்கு எழுது. சலவைக் கடைக்கு மேலே நான் குடியிருக்கும் அறை அது. மன்னருக்கு இன்னும் அறைதான்.

முப்பது வருடமாக நடிகன் நான். செத்த பிணமாக, சிப்பாயாக, வழி கேட்டால் கை காட்டுகிறவனாக நடித்திருக்கிறேன். இடையில் வயிற்றுப்பாட்டுக்குக் கல்யாணங்களில் அப்பாவாக உட்கார்ந்தேன். உனக்கு மட்டுமல்ல, பல பெண்களுக்கு. இந்தத் தொடரில்கூட என் மன்னர் சீக்கிரமே சாக வேண்டியவர்தான். அந்த நூடுல்ஸ் காட்சியை ஜனங்களுக்குப் பிடித்துவிட்டதால் உயிரோடு வைத்திருக்கிறார்கள். இந்த வயதில் முதல்முறையாகத் தெருவில் என்னைக் கும்பிடுகிறார்கள். ஒரு நாள் பழக்கடைக்காரர் பேரிக்காயைக் கையில் திணித்து, "மாமன்னா, சாப்பிடுங்க!" என்றார். அந்த மரியாதையை விட மனம் வரவில்லை, தா-ஹே. வாடகை அப்பா என்று பத்திரிகையில் வந்தால் ஒரே நாளில் எல்லாம் போய்விடும். அந்தப் பயத்தில் உன்னைப் பைத்தியமாக்கினேன். வெட்கமாக இருக்கிறது.

பிறந்தநாளுக்கு வருகிறேன். கூலி வேண்டாம். பட்டு உடை என்னிடம் இருக்கிறது. மாமியாருக்கு வலப்பக்கம் உட்காருகிறேன். எதிர்காலம் பார்க்கும் சடங்கில் பையன் மேசையில் நூலை எடுத்தாலும் பேனாவை எடுத்தாலும் எழுந்து நின்று கைதட்டுகிறேன். அப்புறம் உன் அப்பாவுக்கு மறுபடி வெளிநாட்டில் படப்பிடிப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கும் பேரன் கிடையாது, ஒரு மத்தியானம் இருந்தால்தான் என்ன?

உனக்கு நான் சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறது. இப்போது சொல்லும் தைரியம் இல்லை.

தாக் சங்-மூ

—

தேஜோன், ஏப்ரல் 30

தாக் ஐயாவுக்கு,

வருகிறீர்கள் என்று சொன்னதும் மாமியார் அரிசிக் கேக்குக்குச் சொல்லிவிட்டு வந்தார். என் கணவர் தன் ஆபீஸ் மேலாளரையும் அழைத்திருக்கிறார். "மாமனார் வர்றாரு, மன்னர் வர்றாரு" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஊர்வலம் போகிறார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் சமையலறைக்குள் போய்விடுகிறேன்.

நீங்கள் உண்மை எழுதினீர்கள், நானும் எழுதிவிடுகிறேன். என் அப்பா இறக்கவில்லை. போஹாங் மீன் சந்தையில் பெரிய அண்டா வைத்து ஆக்டோபஸ் வேக வைத்து விற்கிறார். யோம் சாங்-குன் என்று பெயர். குடிகாரர். என் கல்லூரிப் பட்டமளிப்புக்குக் குடித்துவிட்டு வந்தார். மேடைக்கு முன்னால் பாட்டுப் பாடி, பூங்கொத்தோடு குப்புற விழுந்தார். என் தோழிகள் எல்லாரும் பார்த்தார்கள். "யாருடி அந்த ஆளு?" என்று ஒருத்தி கேட்டாள். "தெரியாது" என்றேன். அவருக்கு அது கேட்டது. அன்றிலிருந்து நான் போஹாங் பக்கம் போகவில்லை.

கல்யாணத்தை அவருக்குச் சொல்லவே இல்லை. சொந்தக்காரர் யாரையும் கூப்பிடவும் இல்லை, அப்பாவோடு பிறந்த அத்தைக்கு மட்டும் கைப்பேசியில் பத்திரிகை அனுப்பினேன். யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். எனக்கு ஒரு பிள்ளை இருப்பது அவருக்குத் தெரியாது. தெரியாதவரை நல்லது. தெரியாத ஒன்றுக்காக யாரும் வருத்தப்பட மாட்டார்கள் இல்லையா?

என்னைக் கேவலமாக நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் 24-ஆம் தேதி வந்துவிடுங்கள்.

தா-ஹே

—

சியோல், மே 6

தா-ஹே,

நான் வரமாட்டேன். காரணத்தைப் படித்துவிட்டுத் திட்டு.

உன் கல்யாணத்தன்று, நிகழ்ச்சி தொடங்குவதற்குச் சற்று முன்பு, மண்டபக் கழிப்பறையில் கண்ணாடி முன் நின்று சட்டையில் பூவைக் குத்திக்கொண்டிருந்தேன். ஊசி நிற்கவில்லை, கை வழுக்கிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் ஒருவர் தலைமுடியை ஈரக் கையால் படிய வாரிக்கொண்டிருந்தார். அவர் போட்டிருந்த கோட்டு யாரிடமோ இரவல் வாங்கியது போலத் தொளதொளவென்றிருந்தது. கையெல்லாம் வெந்நீர் பட்ட தழும்பு. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "குடுங்க" என்று ஊசியை வாங்கினார்.

"பொண்ணோட அப்பாங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன். கூலிக்கு வந்தவன் வேறென்ன சொல்வேன்?

பூவை நேராகக் குத்தி, என் கோட்டுக் காலரை இழுத்து விட்டார். அப்புறம் சொன்னார். "அவ வேகமா நடப்பாங்க. சின்னப் புள்ளையிலேர்ந்தே அப்படித்தான். பாவாடை தடுக்கிரும். நீங்க கொஞ்சம் மெதுவா கூட்டிட்டுப் போங்க."

"நீங்க யாருங்க?" என்றேன்.

"பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சவன்" என்றார். என்னை விட அதிகமாக இடுப்பை வளைத்துக் குனிந்து கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் மேல் சாராய வாடை இல்லை, தா-ஹே. சோப்பு வாடைதான் அடித்தது. நிறைய சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்த வாடை.

மெதுவாம்மா என்று உன் காதில் நான் சொன்னது அவர் வார்த்தை. நீ நிஜமாக வைத்துக்கொண்டது அதுதான் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதைக்கூட நான் அவரிடமிருந்து திருடி உன்னிடம் பேர் வாங்கியிருக்கிறேன்.

உன் கணவர் விழுந்து கும்பிட்டபோது நான் நாற்காலியிலிருந்து நிமிர்ந்து பார்த்தேன். கடைசித் தூணுக்குப் பின்னால் அவர் நின்றிருந்தார். மாப்பிள்ளை கும்பிட்டால் பெண்ணின் அப்பா குனிந்து ஏற்றுக்கொள்ள வேண்டுமல்லவா? நான் மறந்தே போனேன். அவர் அங்கே தனியாகக் குனிந்து அதை ஏற்றுக்கொண்டார். அதைப் பார்த்துத்தான் அழுதேன். ஏஜென்சிக்காரர்கள் நல்ல நடிப்பு என்றார்கள்.

அன்றே உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் கல்யாணம் நின்றுவிடும், ஏஜென்சி இனி வேலை தராது என்று வாயை மூடிக்கொண்டேன். எப்படியோ வாயை மூடிக்கொண்டு மன்னர் வரைக்கும் வந்துவிட்டேன்.

நேற்று இயக்குநரிடம் போய், நான் கல்யாணங்களுக்கு வாடகை அப்பாவாகப் போனவன் என்று நானே சொல்லிவிட்டேன். உன் பேர் சொல்லவில்லை. அவர் வெகுநேரம் தலையைச் சொறிந்தார். மன்னரைச் சிகிச்சைக்கு வெளிநாடு அனுப்பப் போகிறார்கள். திரும்பி வருவாரா என்பது கதாசிரியருக்கே தெரியாதாம். உன் வியட்நாம் எவ்வளவோ தேவலாம்.

அந்த நாற்காலியில் இனி நான் உட்கார முடியாது. அதற்கு உரியவர் போஹாங்கில் இருக்கிறார்.

தாக் சங்-மூ

—

தேஜோன், மே 19

தாக் ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தை மருத்துவமனையில், பல் அச்சு எடுக்கும் அறையில் நின்று படித்தேன். அப்புறம் எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை.

அன்றே கணவரிடமும் மாமியாரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். கணவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்ப நான் புத்தாண்டுக்கு யாருக்குக் கும்பிடு போட்டேன்?" அதற்குப் பிறகு மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. மாமியார் கடைக்குப் போய் உங்கள் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து, சட்டத்தோடு அலமாரிக்குள் கவிழ்த்து வைத்தார்.

"சந்தை பூரா சொல்லிட்டேனேடி! நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு முள்ளங்கிக்காரிய பாப்பேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன். என்னை எழுந்திரு என்று சொல்லவில்லை. அப்புறம் முற்றிலும் வேறு குரலில் கேட்டார்.

"அவரு அன்னைக்குச் சாப்பிட்டாரா?"

எனக்குத் தெரியாது. கல்யாண வீட்டுக்கு வந்த மனிதர் சாப்பிட்டாரா என்றுகூட எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் திறந்தேன், அழுகைதான் வந்தது. "போய்க் கேட்டுட்டு வா" என்றார். குழந்தையை என் முதுகில் வைத்துக் கட்டியவரும் அவர்தான்.

போஹாங் சந்தையில் அப்பாவின் அண்டா அதே இடத்தில் இருந்தது. நீராவிக்குள் அவர் நின்றிருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்தார், என் முதுகில் இருந்தவனைப் பார்த்தார். கையில் பிடித்திருந்த கொக்கி அப்படியே நின்றது. பக்கத்துக் கடை அம்மா எட்டிப் பார்த்து, "யாரு யோம் அண்ணே, இந்தப் பொண்ணு?" என்று கேட்டார்.

அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "தெரிஞ்சவங்க வீட்டுப் பொண்ணு" என்றார். "ஆக்டோபஸ் வாங்க வந்திருக்கு."

என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னார், ஐயா. நான் எங்கே யாரிடம் என்ன பொய் சொல்லி வைத்திருக்கிறேனோ, தன்னால் அது கெட்டுவிடக் கூடாது என்று சொன்னார். உங்களுக்குக் கூலி கொடுத்து என் அப்பாவாக நடிக்க வைத்தேன். அவர் இத்தனை காலமாகக் கூலி வாங்காமல் எனக்கு அப்பா அல்லாதவராக நடித்துக்கொண்டிருக்கிறார். உங்களை விட நல்ல நடிகர் அவர். அங்கேயே தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது எனக்கு.

"அப்பா" என்று கூப்பிட்டேன். சத்தமாகத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும், சந்தையில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பதறிப்போய், "மெதுவா, மெதுவா" என்றார்.

குழந்தையை இறக்கி நீட்டினேன். ரப்பர் மேலுடையில் கையைத் துடைத்தார், முகர்ந்து பார்த்தார், மறுபடி துடைத்தார். "வாடை அடிக்கும்மா" என்று வாங்காமலே நின்றார். பையன்தான் எட்டி அவர் மேலுடையைப் பிடித்துக்கொண்டான். விடவில்லை. குடியைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரே பக்கத்துக் கடை அம்மாவிடம் ஏதோ தப்புச் செய்தவர் போலச் சொன்னார். "என் மக. இது பேரன்." அந்த அம்மா, "மக இருக்கான்னு நீ சொல்லவே இல்லையே?" என்றார். "சொல்லல" என்றார் அப்பா.

பிறகு மாமியார் சொல்லி அனுப்பியதைக் கேட்டேன். "கல்யாணத்தன்னைக்குச் சாப்பிட்டீங்களாப்பா?"

அண்டாவைக் கிளறிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "சாப்பாட்டுச் சீட்டு வாசல்லதான் குடுத்தாங்க. மொய்க் கவர வாங்கிட்டு, பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடான்னு கேட்டான் அந்தத் தம்பி. என்னன்னு சொல்றது? கவர மட்டும் குடுத்துட்டு வந்துட்டேன்."

ஊருக்குத் திரும்பியதும் அதை அப்படியே மாமியாரிடம் சொன்னேன். அவர் உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தார். 24-ஆம் தேதி வாசலில் மொய் மேசை போட வேண்டாம், ஆள் வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அன்று வாசலில் தானே நிற்கப் போகிறாராம். வருகிறவர் யாரையும், எந்த வீடு என்று யாரும் கேட்கக் கூடாதாம்.

அப்பா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. முதல் ரயில் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

தா-ஹே